சமையக்கட்டில் ஒரு பேக்கிங் மாஸ்டர்

திருப்பூரில் பிழைத்தவன் வீட்டில் காசு இருக்கிறதோ இல்லையோ, கோன் இருக்கும். நூல் சுற்றி வருகிற காகிதக் கோனைச் சொல்கிறேன். நூல் ஓடித் தீர்ந்ததும் நிட்டிங் கம்பெனியில் வெறுங்கோனைச் சாக்கில் கட்டி மூலையில் தள்ளிவிடுவார்கள்; எடைக்கு எடுக்க ஆள் வரும். அந்த ஆள் வருவதற்குள் நான் போய்விடுவேன். அப்படிச் சேர்ந்த கோன், கட்டிங் டேபிளுக்குக் கீழே விழுந்த பனியன் துணி, ஆர்டர் முடிந்து மிஞ்சிய சைஸ் ஸ்டிக்கர், எலாஸ்டிக் துண்டு, கிளிப் ஹேங்கர், கிழிந்த அட்டைப்பெட்டி எல்லாம் எங்கள் தாராபுரத்து வீட்டுப் பரணில் வருஷக்கணக்காகக் குடியிருக்கின்றன. ‘என்னைக்காச்சும் ஆகும்’ என்பது என் கட்சி. என் மனைவி அந்தப் பரணுக்குச் ‘சின்ன வூடு’ என்று பெயர் வைத்திருக்கிறாள்.

வேலையில் இருந்தவரை அந்த என்னைக்காச்சும் வரவே இல்லை. விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறினால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். திரும்பி வந்து இறங்கும்போது வீதியில் நாய் மட்டும்தான் விழித்திருக்கும். எனக்குப் பேக்கிங் செக்‌ஷன். பீஸை மடித்து, பாலி பேக்கில் போட்டு, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, எஸ் இத்தனை எம் இத்தனை என்று ரேஷியோ பிரித்து, பெட்டியில் அடுக்கி டேப் அடித்துவிட்டேன் என்றால், தூத்துக்குடியில் கப்பல் ஏறி ஜெர்மனியில் போய் இறங்கினாலும் ஒரு மடிப்புக் கலையாது. அப்பேர்ப்பட்டவன் ரிட்டையராகி, சொந்தச் சமையலறையை முதல்முறையாகப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடலைப்பருப்பு. பிஸ்கட் டின்னில் வரமிளகாய். ஐஸ்கிரீம் டப்பாவில் புளி. கரண்டியெல்லாம் ஒரு சொம்பில் தலைகீழாக நிற்கிறது. அதில் ஒன்றை உருவினால் கூடவே நான்கு வருகிறது. சட்டுவம் மிக்சிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. இதற்கெல்லாம் நடுவில் அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டுகிறாள், வேண்டியது கைக்கு வந்துவிடுகிறது. இவ்வளவு வருஷம் எப்படித்தான் சமாளித்தாளோ என்று எனக்கு மனசு கலங்கிப்போய்விட்டது. சரி, இந்த வீட்டுக்கு நம்மால் ஆனதைச் செய்வோம், பைசா செலவில்லை, சாமானெல்லாம் பரணிலேயே இருக்கிறது என்று ஏணியை எடுத்தேன்.

இந்தத் துறைக்கு முன்னோடி ஓர் அம்மணி இருக்கிறார். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்று பெயர். ஆஸ்திரியாக்காரர், கட்டடக் கலை படித்தவர். 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்தில் அரசாங்கக் குடியிருப்புகள் கட்டியபோது, அந்த வீடுகளுக்குச் சமையலறை வரைந்து கொடுத்தவர் இவர்தான். அகலம் 2 மீட்டர்கூடக் கிடையாது, நீளம் மூன்றரைக்குள். ஆலையில் தொழிலாளியின் கையும் காலும் எங்கெங்கே போய்வருகிறது என்று கடிகாரம் வைத்து அளக்கிற வித்தையை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தார். அரிசிக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று என்று பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள்; பிடியைப் பிடித்து உருவி, அப்படியே பாத்திரத்தில் சாய்க்கலாம். மாவுக்கு மட்டும் ஓக் மரம், புழு வைக்காது என்று. இந்த மாதிரியில் ஏறக்குறைய 10,000 சமையலறைகள் அந்த ஊரில் வந்தன. இத்தனையும் செய்தவர், அதை வரைந்த காலத்தில் தனக்குச் சமையலே தெரியாது என்று பின்னாளில் சொன்னாராம். படித்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அந்தத் தகுதியில் நான் அவருக்கு ஒரு படி மேல். எனக்கு வெந்நீர் வைக்கவும் தெரியாது.

(அந்த அம்மா 103 வயதைத் தொடுவதற்குச் சில நாள் முன்பு, 2000-ல்தான் காலமானார். அடுப்புப் பக்கம் போகாததால் வந்த ஆயுசு அது என்பது என் மனைவியின் துணிபு.)

முதல் வேலையாக டைம் ஸ்டடி. திருப்பூர் கம்பெனிகளில் இது சகஜம். ஒரு தையலுக்கு எத்தனை நிமிஷம் என்று ஸ்டாப்வாட்ச்சும் கையுமாக டெய்லர் பக்கத்தில் ஆள் நிற்பார். நானும் போனில் ஓட விட்டுக்கொண்டு, அவள் காப்பி போடும்போது பின்னால் போய் நின்றேன்.

“காப்பித்தூள்ல இருந்து சக்கரைக்குப் போறதுக்குள்ள ரெண்டு எட்டு வீணாப் போகுது, புள்ளே” என்றேன்.

“அது நீங்க குறுக்க நிக்கறதுனால சுத்திப் போற எட்டுங்” என்றாள்.

கரண்டி ஸ்டாண்டிலிருந்து ஆரம்பித்தேன். கோன் ஏன் ஒரு பக்கம் சிறுத்து இருக்கிறது தெரியுமா? மிஷின் நூலை மேல்முனை வழியாக இழுக்கும்போது உரசாமல், சிக்காமல் வரவேண்டும் என்பதற்காக. நூலுக்கு அந்தச் சரிவு ரொம்ப சௌகரியம். கரண்டிக்கு அப்படி இல்லை. அகலமான வாயை மேலே வைத்தால் அடி சிறுத்து நிற்கமாட்டேன் என்கிறது. அகலத்தைக் கீழே வைத்தால் மேல் ஓட்டையில் கரண்டிக் காம்பு மட்டும்தான் நுழைகிறது. தலை கனத்து, ஸ்டாண்டே அடுப்பைப் பார்த்துக் கும்பிடு போடுகிறது. தவிர, கோனுக்கு இரண்டு பக்கமும் வாய் உண்டு. ஆயுசெல்லாம் கோனோடு புழங்கியவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியும். டீஸ்பூன் போட்டதும் அது நேரே கீழே வந்து விழுந்தபோது, தெரியும் என்பது ஞாபகம் வந்தது.

அதனால் அட்டைப்பெட்டியை வெட்டி அடிப்பலகை செய்து, கோன்களை வரிசையாக நிறுத்தி, தச்சர்கள் ஊற்றுகிற வெள்ளைப் பசையைத் தாராளமாக ஊற்றி ஒட்டினேன். காய்ந்ததும் கல்லாகிவிட்டது. மேலே கலர்த்தாளும் சுற்றினேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. அந்தப் பசை தண்ணீரில் கரைத்துச் செய்வது. காய்ந்தால் இறுகும், நனைந்தால் இளகும். மரக்கடையில் அது பெரிய விஷயமில்லை, அங்கே யாரும் ரசக்கரண்டியைக் கழுவிச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து வைப்பதில்லை. ஒரு வாரம் போவதற்குள் கோன்களெல்லாம் பந்தியில் இடம் கிடைக்காத விருந்தாளிகள் மாதிரி ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. விடவில்லை. சூட்டுப் பசைத் துப்பாக்கி ஒன்று வாங்கி வந்து — பைசா செலவில்லை என்ற கணக்கு இந்த இடத்தில் முடிகிறது — மறுபடி ஒட்டினேன். அது தண்ணீருக்கு அசையவில்லை. ஆனால் சூட்டில் உருக்கி ஒட்டுகிற பசை, சூடு பட்டால் மறுபடி உருகும். ஸ்டாண்டை வைத்திருந்தது அடுப்புக்குப் பக்கத்தில்.

“வேணும்னா ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சுக்கலாமுங்” என்றாள். கிண்டலா, யோசனையா என்று அவள் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கிற வித்தை எனக்கு இன்னும் கைவரவில்லை. ஒரு ராத்திரி அங்கேயும் வைத்துப் பார்த்தேன்.

அடுத்து, சுவர்ப் பை. கதவுக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி, அறை அறையாகத் தைத்து, பருப்புப் பாக்கெட்டெல்லாம் போட்டுவைப்பது. துணி பரணில் மூட்டை மூட்டையாக இருந்தது. எல்லாம் பனியன் துணி. நெய்த துணி என்றால் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்கும் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும். பனியன் துணி பின்னல். கண்ணிக்குள் கண்ணி, இழுத்தால் கொடுக்கும். கொடுப்பதால்தான் அதை உடம்பில் போட்டுக்கொண்டு பந்தியில் இரண்டாம் முறை சோறு வாங்க முடிகிறது. சிங்கிள் ஜெர்சி வேறு. வெட்டின ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும், அதைப் பிரித்துப் பிரித்துத் தைப்பதற்குள் எனக்கு முதுகு சுருண்டது.

காலையில் துவரம்பருப்பை நெஞ்சு உயரத்தில் வைத்தேன். மத்தியானம் இடுப்புக்கு வந்தது. ராத்திரி முழங்காலுக்கு இறங்கி, மறுநாள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. மேலே ஆணி இருக்கிறது, துணி கிழியவில்லை, தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. பை மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. எலாஸ்டிக் வைத்துத் தைத்தால் மேலே இழுத்துப் பிடிக்குமே என்று தோன்றியது. பிடித்தது. பருப்புப் பாக்கெட்டை எடுத்த அடுத்த நொடி, பாரம் விட்ட பை மேலே எகிறி, மேல் அறையில் இருந்த மிளகாய்த்தூளை நேரே என் முகத்தில் தட்டிவிட்டது. கண்ணைக் கழுவிக்கொண்டு நின்றவனிடம், “கல்லு வெச்சு அடிக்கற கவுட்டைய ஊட்டுக்குள்ள கட்டித் தொங்க உட்டா இப்படித்தானுங்” என்று சொல்லிவிட்டு, விழாமல் தப்பிய பருப்பைக் கொண்டுபோய் பழையபடி ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டினாள்.

இந்தப் பை விவகாரத்தில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே சமையலறையில், ஜன்னல் கம்பியில், கல்யாணமான புதிதில் அவள் வயரில் பின்னிய கூடை ஒன்று தொங்குகிறது. சிவன் கண் பின்னல். சின்ன வெங்காயத்தைச் சுமந்துகொண்டு, ஓர் அங்குலம் இறங்காமல், இத்தனை வருஷமும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. வெங்காயம் எடுக்கும்போதெல்லாம் லேசாக ஒரு தட்டுத் தட்டி ஆட்டிவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

பிறகு லேபிள். கையில்தான் சைஸ் ஸ்டிக்கர் ரோல் ரோலாக இருக்கிறதே. எஸ் என்றால் சீரகம், எல் என்றால் லவங்கம், எம் என்றால் மிளகு, எவ்வளவு சுலபம்! ஒட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால் சீரகம், சோம்பு, சுக்கு, சர்க்கரை நான்கும் எஸ். மிளகு, மல்லி, மஞ்சள், மிளகாய்த்தூள் நான்கும் எம். லவங்கம் மட்டும் தனிக்காட்டு ராஜா. எக்ஸெல்லுக்குப் பொருத்தமான சாமான் சமையலறையில் இல்லாமல் ஒரு ரோல் அப்படியே மீந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது என் வட்டலின் விளிம்பில் அது ஒட்டப்பட்டிருந்தது.

அவள் மூலனூருக்கு ஆத்தா வீட்டுக்குப் போயிருந்த சமயம், எனக்கு இருமல். மஞ்சள் பால் குடித்தால் நல்லது என்று ஒரு எம்மைத் திறந்து ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினேன். கரண்ட் இல்லாத நேரம். ஒரே மடக்கில் இருமல் நின்றது. பேச்சும்தான்.

லேபிள் விஷயத்தில் ஊர்க்காரனாக எனக்கு ஒரு நியாயம் உண்டு, கேளுங்கள். தாராபுரம் முதலில் கோயமுத்தூர் ஜில்லாவில் இருந்தது. 1979-ல் பெரியார் மாவட்டம் என்று பிரித்து எங்களை அதில் எடுத்து வைத்தார்கள். 1996-ல் அதற்கு ஈரோடு என்று ஸ்டிக்கர் மாறியது. 2009-ல் மறுபடி உருவித் திருப்பூர் மாவட்டத்தில் போட்டார்கள். பெட்டி மாற்றினார்கள், பேர் மாற்றினார்கள். அமராவதி ஓடின இடத்திலேயேதான் ஓடுகிறது, நாங்களும் இருந்த வீதியிலேயேதான் இருக்கிறோம். பெரிய பெரிய அதிகாரிகளே இப்படி எடுத்தெடுத்து வைக்கும்போது, ஒரு மிளகு டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வைத்ததற்கு என்னை ஏன் இப்படிப் பேசவேண்டும்? இதை அவளிடம் கேட்டேன். “அவிங்க மாத்தி வெச்சா மனு எழுதிப் போடலாமுங். நீங்க மாத்தி வெச்சா யாருக்குங் எழுதிப் போடறது?” என்றாள்.

மனு போட்டிருக்கிறாள் என்பது பிற்பாடு தெரிந்தது. மூலனூரிலிருந்து மாமியார் வந்து இறங்கினார், கை கொள்ளாத முருங்கைக்காயோடு. அந்தப் பக்கத்து முருங்கைக்காயைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. சந்தை சந்தையாகப் போகிற சரக்கு. நான் செய்த ஒரு சாமானிலும் அது அடங்காது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். மாமியார் சமையக்கட்டைச் சுற்றிப் பார்த்தார். சாய்ந்த கோன், தரையில் உட்கார்ந்த பை, எஸ் எம் எஸ் எம் என்று நிற்கிற டப்பாக்கள். மருமகனை மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொல்லமாட்டார் அந்த அம்மா. “மாப்ளைங்களுக்குக் கைவேலை நல்லா வருதுங்” என்றார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அதற்கு அவள் திட்டியதே தேவலை.

சாயங்காலம் என்னிடம், “பழைய காகிதம் இருக்குங்களா மாப்ள?” என்று கேட்டார். நான் பரண் ஏறி, பொக்கிஷமாக வைத்திருந்த பழைய பேக்கிங் லிஸ்ட் கட்டுகளை இறக்கிக் காட்டினேன். எந்தப் பெட்டியில் எத்தனை பீஸ், என்ன கலர், என்ன சைஸ் என்று என் கையெழுத்தில் வருஷ வருஷமாக எழுதியது. ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் படிக்கிறார் என்று நான் நினைத்தேன். தாளின் கனம் பார்த்தாராம். அப்படியே கிழித்துத் தண்ணீர் அண்டாவில் போட்டார்.

காகிதக் கூடை உங்கள் வீட்டுப் பாட்டியும் செய்திருப்பார். காகிதத்தைக் கிழித்து ஊறவைக்க வேண்டும். நன்றாக நைந்து, கையில் பிசைந்தால் கூழாகிற வரைக்கும். வெந்தயத்தைத் தனியாக ஊறப்போட்டு, இரண்டையும் சேர்த்து ஆட்டுக்கல்லில் வழுவழுவென்று ஆட்ட வேண்டும். வெந்தயம் விடுகிற அந்தக் கொழகொழப்புத்தான் பசை. கடைப் பசை எதுவும் வேண்டாம். அதன் கசப்புக்குப் பூச்சியும் வராது என்பார்கள். மஞ்சள் தூள் கொஞ்சம் சேர்த்தால் நிறம் வரும். ஒரு போசியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஈரத்துணி விரித்து, விழுதைப் பரவலாக அப்பித் தட்டி, வெயிலில் வைக்க வேண்டும். காயக் காய விரிசல் விடும். அந்த இடத்தில் மறுபடி பூச வேண்டும். முழுக்கக் காய்ந்ததும் போசியிலிருந்து கழற்றினால் கூடை. தூக்கிப் பார்த்தால் எடையே இருக்காது, தட்டினால் டங்கென்று கேட்கும்.

பொடக்காலியில் ஆட்டுக்கல் கிடந்தது. ஆட்டியது யார் என்று நான் சொல்லவேண்டுமா? மாமியார் தள்ளிவிட, நான் குழவி பிடித்தேன். வெள்ளைச் சட்டை எம் சைஸ், நீலம் எல் சைஸ் எல்லாம் கண் முன்னால் அரைபட்டு ஒரே சாம்பல் நிறமானது. நான் உத்தியோகம் பார்த்த காலம் மொத்தமும் இரண்டு கூடைக்குத்தான் கண்டது. ஒன்றில் இப்போது வரமிளகாய் இருக்கிறது, இன்னொன்றில் பூண்டு. சாயவில்லை, தொங்கவில்லை, லேபிளும் இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் என் மனைவி அதைக் காட்டி, “எங்கம்மா செஞ்சதுங்” என்கிறாள். மூலப்பொருள் உபயம் யார் என்று ஒருத்தர் கேட்க வேண்டுமே!

அந்த எரிச்சலில் கை வைத்ததுதான் சுவர். அமெரிக்காவில் ஜூலியா சைல்ட் என்று பெயர்போன ஒரு சமையல் அம்மா இருந்தார், ஆறடிக்கு மேல் உயரம். அவருடைய வீட்டுச் சமையலறையை 1961-ல் அமைத்துக் கொடுத்தவர் அவர் புருஷன் பால் சைல்ட். மனைவி குனியாமல் இருக்க மேடையை உயர்த்திக் கட்டினார். சுவரில் ஓட்டை ஓட்டையாகப் பலகை அடித்து, ஒவ்வொரு சட்டியையும் மாட்டி, எந்தச் சட்டி எங்கே என்று குழம்பாமல் இருக்க அதனதன் உருவத்தைச் சுற்றிக் கோடும் போட்டு வைத்தார். கோட்டைப் பார்த்து மாட்டவேண்டியது, அவ்வளவுதான். அந்தச் சமையலறையை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் வாஷிங்டனில் மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். புருஷன் செய்த கைவேலையை மியூசியத்தில் வைக்கிற ஊரும் உலகத்தில் இருக்கிறது என்பதை என் மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

ஓட்டைப் பலகைக்கு எங்கே போக? ஒட்டுகிற கொக்கியை டிஸ்டெம்பர் அடித்த சுவரில் நேராக ஒட்டினேன். வாணலி, தாளிப்புக் கரண்டி, தோசைக்கல், இட்லித்தட்டு, எல்லாவற்றையும் சுவரோடு வைத்துப் பிடித்துச் சுற்றிலும் கோடு போட்டேன். மார்க்கர், கம்பெனிப் பெட்டியில் ஷிப்பிங் மார்க் போடுகிற அசல் மார்க்கர். கடல் காற்று பட்டாலும் அழியக்கூடாது என்று தயாரிப்பது. தோசைக்கல்லை மாட்டிவிட்டு, பத்தடி பின்னால் போய் நின்று பார்த்தேன். வாஷிங்டன்தான்.

டிஸ்டெம்பர் சுவர் மாவாக உதிரும். கொக்கி சுவரைப் பிடிக்கவில்லை, மாவைப் பிடித்திருந்தது. ராத்திரி ஒரு மணிக்குத் தோசைக்கல் இறங்கியது. போகிற வழியில் இட்லித்தட்டையும் துணைக்குக் கூட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு விளக்கெல்லாம் எரிந்தது. விடியும்போது சுவரில் ஒரு சட்டியும் இல்லை. கோடு மட்டும் இருந்தது, கன்னங்கரேலென்று.

சோப்புப் போட்டேன், மண்ணெண்ணெய் தடவினேன், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். போகவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று முழித்துவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. முதல் கோட் அடித்தார். மார்க்கர் மேலே வந்தது. இரண்டாவது கோட் அடித்தார். அதற்கும் மேலே வந்தது. பிரஷ்ஷை வாளியில் வைத்துவிட்டு, தரையிலிருந்து சுவர்வரை ஒருமுறை பார்த்தார். போலீஸ்காரர் ஆக்சிடென்ட் நடந்த இடத்தில் கோடு போடுவதை அவரும் பார்த்திருப்பார் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டு என் மனைவியிடம் கேட்டார்.

“ஏனுங்க்கா, இந்த எடத்துல என்னாச்சுங்?”

அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே பதில் சொன்னாள்.

“எங்கூட்டுக்காரரு ரிட்டையர் ஆயிட்டாருங்.”